பிரஷ், அதிர்வுக் கருவி, கொசுத்தேனீப் பெட்டி: தேனீ வராத வீட்டுத் தோட்டத்துக்கு எதை வாங்கலாம்?

சீத்தா மரம் நிறையப் பூக்கிறது, ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை என்று நர்சரியில் போய்ச் சொன்னால், அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுப்பார்கள்: பூ உதிர்வைத் தடுக்கும் டானிக். இணையக் கடைகளில் தேடினால் பேட்டரியில் அதிரும் மகரந்தச் சேர்க்கைக் கருவி வந்து நிற்கும். மாடித்தோட்டக்காரர்களிடம் கேட்டால், கொட்டாத சின்னஞ்சிறு தேனீயான கொசுத்தேனீயின் பெட்டி வையுங்கள் என்பார்கள். மூன்றும் மூன்று வேலைக்கான பொருள்கள். எந்தப் பூவுக்கு எது என்று பார்க்காமல் வாங்கினால் பணமும் போகும், அந்தப் பருவத்துக் காயும் போகும். தமிழ்நாட்டு நகரங்களில் மாடியிலும் கொல்லையிலும் பழ மரம் வைத்திருப்பவர்கள் அதிகம் வாங்கும் பொருள்களை எடுத்துக்கொண்டு, பழ மரங்களுக்கு மட்டும் பொருத்திப் பார்த்த மதிப்பீடு இது.

பாட்டிலை முதலில் முடித்துவிடலாம். இந்த டானிக்குகளில் பெரும்பாலும் இருப்பது என்.ஏ.ஏ. என்னும் வளர்ச்சி ஊக்கி. மாவில் பிடித்த பிஞ்சு கொட்டாமல் நிற்க இது உதவும். சூல் கொள்ளாத பூவைக் காயாக்காது. 4.5 சதவீதச் சரக்கு என்றால் 9 லிட்டர் தண்ணீருக்கு 4 மில்லி கலந்தால் 20 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் 20 பங்கு) வரும், அதுதான் வழக்கமான அளவு. மூடியால் ஊற்றிக் கலக்கும் பழக்கம் இங்கே ஆபத்து. அளவு கூடினால் இதே மருந்து பிஞ்சை உதிர்க்கும் வேலையைச் செய்யும். தேங்காய்ப்பாலும் மோரும் புளிக்கவைத்த தேமோர்க் கரைசலும், அரப்பு இலையும் மோரும் புளிக்கவைத்த அரப்பு மோர்க் கரைசலும் பூக்களின் எண்ணிக்கையைக் கூட்டலாம், மகரந்தத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகாது. போரான் கதை கொஞ்சம் வேறு: மகரந்தக் குழல் வளர்வதற்கு அந்தச் சத்து உண்மையிலேயே வேண்டும். பூக்கும் முன் ஒரு முறை, லிட்டருக்கு 1 கிராம் கரையும் போரான், அதற்கு மேல் வேண்டாம். தேனீயை வரவழைக்க நாட்டுச் சர்க்கரைத் தண்ணீர் தெளிக்கச் சொல்கிறார்களே, அதற்கு வருவது எறும்பு. பின்னாலேயே மாவுப்பூச்சியும் கரும்பூசணமும் வரும்.

இனி பிரஷ். படம் வரையும் 4-ஆம் எண் வட்டப் பிரஷ், எழுதுபொருள் கடையில் கிடைப்பது. இந்தப் பட்டியலில் விலை குறைந்ததும் அதுதான், அதிகம் பயன்படுவதும் அதுதான். வாங்கும்போது மயிர் மென்மையாக இருக்கிறதா என்று உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள். விறைப்பான நைலான் பிரஷ், மகரந்தத்தை ஏற்கும் பெண் உறுப்பின் நுனியான சூலகமுடியைக் கீறிவிடும். மேக்கப் பிரஷ் பார்ப்பதற்கு நன்றாக இருந்தாலும் அடர்த்தி அதிகம். எடுத்த மகரந்தத்தில் பாதி மயிருக்குள்ளேயே தங்கிவிடும், பூவுக்குப் போய்ச் சேராது. டிராகன் பழம் போன்ற பெரிய பூவுக்கு மட்டும் அது சரி. காது குடையும் பஞ்சுக்குச்சியும் இதே ரகம்: அவசரத்துக்கு ஆகும், மகரந்தத்தை வீணாக்கும்.

பிரஷ் தன் விலையைப் பத்து மடங்காகத் திருப்பித் தருவது சீத்தாவில். காரணம், சீத்தாவுக்குத் தேனீ வந்தாலும் பயனில்லை. அதன் பூ தலைகீழாகத் தொங்கும், சதைப்பற்றான மூன்று இதழ்கள், மணம் தேனீக்கானதல்ல. இயற்கையில் அதற்குள் நுழைவது அழுகிய பழத்தில் மொய்க்கும் மிகச் சிறிய வண்டுகள். குப்பை கூட்டிச் சுத்தமாக வைத்திருக்கும் மாடியில் அந்த வண்டு எங்கிருந்து வரும்? பழக்கழிவையும் மட்கிய இலையையும் மரத்தடியில் விட்டுவைக்கும் கொல்லைகளில் சீத்தா ஓரளவு தானாகவே காய்ப்பதற்கு இதுதான் காரணம்.

இன்னொரு சிக்கல், ஒரே பூ முதலில் பெண்ணாகவும் பிறகு ஆணாகவும் இருக்கும். பெண் நிலையில் மூன்று இதழ்களும் நுனியில் மட்டும் லேசாக விலகியிருக்கும். இடுக்கை மெல்லப் பிரித்து உள்ளே பார்த்தால், நடுவில் சிறு கூம்பு ஒன்று ஈரப் பளபளப்போடு தெரியும், மகரந்தத்தை ஏற்கும் பெண் பகுதி அதுதான். அதைச் சுற்றி வளையமாக மகரந்தத் தாள்கள், இன்னும் வெள்ளையாக, ஒன்றோடொன்று இறுக ஒட்டியபடி. ஆண் நிலைக்கு வந்த பூவில் இதழ்கள் நன்றாக விரிந்துவிடும், கூம்பின் ஈரம் காய்ந்து பழுப்பேறியிருக்கும், தாள்கள் தளர்ந்து தட்டினாலே உதிரும். இந்த இரண்டு நிலைகளையும் கண்ணால் பிரித்தறியத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பெண் நிலை தாண்டிய பூவுக்கு எவ்வளவு மகரந்தம் பூசினாலும் ஒட்டாது.

செய்முறை இது. மாலையில், அடுத்த நாள் முழுதாக விரியப் போகிற பூக்களைப் பறித்து, ஒரு தட்டில் வெள்ளைக் காகிதம் விரித்து அதில் பரப்பி வீட்டுக்குள் வையுங்கள். மூடி போட்ட டப்பா வேண்டாம், வியர்த்துவிடும். விடியும்போது தாள்கள் தளர்ந்திருக்கும். பூக்களைக் காகிதத்தின் மேல் தட்டி உதிர்த்து, இதழ்த் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு, மிச்சத்தைச் சிறு குப்பியில் சேருங்கள். குப்பி கறுப்பாக இருந்தால் நல்லது. வெளிறிய மகரந்தம் எவ்வளவு இருக்கிறது என்று அதில்தான் தெரியும். பழைய பிலிம் டப்பா கிடைத்தால் அதைவிடப் பொருத்தமானது வேறில்லை. கிடைக்காவிட்டால் ஹோமியோ மாத்திரைக் குப்பிக்குக் கறுப்பு டேப் சுற்றிக்கொள்ளலாம்.

காலை ஆறு முதல் எட்டுக்குள் வேலையை முடிக்க வேண்டும். ஒரு கையால் பூவின் ஓர் இதழைப் பின்னுக்குத் தள்ளிப் பிடித்து, பிரஷ்ஷை மகரந்தத்தில் தொட்டு, கூம்பைச் சுற்றி முழுதாக ஒரு சுற்று, பிறகு நுனியில் ஒரு தொடுதல். சுற்றாமல் ஒரு பக்கம் மட்டும் தொட்டுவிட்டு வந்தால் விளைவு பழத்தில் தெரியும். சீத்தாப் பழத்தின் ஒவ்வொரு கண்ணும் ஒரு தனிச் சூலகத்திலிருந்து வருவது. மகரந்தம் படாத பக்கம் வளராமல் பழம் கோணலாக, ஒரு புறம் சப்பையாக நிற்கும். சந்தையில் கோணல் சீத்தாவைப் பார்த்தால் பூச்சி விழுந்தது என்று நினைக்கிறோம். பல சமயம் அது அரைகுறையாக நடந்த சேர்க்கைதான்.

சேர்க்கை செய்தும் பூ உதிர்ந்தால் பெரும்பாலும் வெயிலும் வறட்சியும் காரணம். சித்திரை, வைகாசியில் காற்று உலர்ந்து கிடக்கும்போது கூம்பின் ஈரம் சீக்கிரமே வற்றிவிடும். முந்தின மாலையே மரத்தடியை நன்றாக நனைத்துவிட்டு, விடியற்காலையில் மரத்தைச் சுற்றித் தரையில் தண்ணீர் தெளிக்கலாம். பூவின் மேல் தெளிக்கக் கூடாது, நனைந்த மகரந்தம் வீண். முதல் மழை விழுந்து காற்று குளிர்ந்த பிறகு பிடிப்பு தானாகவே கூடும். இன்னொன்று: பிடிக்கிறதே என்று எல்லாப் பூவுக்கும் பூசிவிடாதீர்கள். பென்சில் கனத்துக்கு மேல் இருக்கும் கிளைகளில், அடிமரத்துக்கு அருகே உள்ள பூக்களைத் தேர்ந்தெடுங்கள். நுனிக்கிளையில் பிடித்த காய் கிளையையும் வளைக்கும், தானும் பெருக்காது. பாலாநகர், அருப்புக்கோட்டை ஏ.பி.கே. 1 போன்ற ரகங்களில் கைச்சேர்க்கை காயின் வடிவத்தையும் எண்ணிக்கையையும் கூட்டும். பெங்களூரு ஹெசரகட்டா தோட்டக்கலை ஆய்வு நிறுவனம் வெளியிட்ட அர்கா சஹன் வைத்திருப்பவர்களுக்கு இது விருப்பமல்ல, கட்டாயம். அதன் பூவுக்கு நாட்டுச் சீத்தாவின் மகரந்தம் வைத்தால்தான் பழம் பெரிதாகவும் நிறைவாகவும் வரும். ஆகவே அர்கா சஹன் கன்றோடு ஒரு சாதாரணச் சீத்தாக் கன்றையும் சேர்த்து வாங்குங்கள். விற்பவர்கள் இதைச் சொல்வது குறைவு.

சீத்தாவுக்கென்றே ரப்பர் பல்பு வைத்த ஊதுகுழல் ஒன்றும் விற்கிறது. மகரந்தத்தை உள்ளே போட்டு, பூவின் இடுக்கில் முனையை நுழைத்து அமுக்கினால் புஸ்ஸென்று பீய்ச்சும். ஸ்பெயினின் கிரனாடா கடற்கரையில் சீத்தாவின் உறவான செரிமோயாவை ஏக்கர் கணக்கில் வளர்ப்பவர்கள் இப்படிப்பட்ட கருவியைத்தான் பயன்படுத்துகிறார்கள். வேகம் உண்டு, கூம்பு முழுக்கச் சீராகப் படும். ஆனால் ஒரு மரம், இரண்டு மரம் வைத்திருப்பவரிடம் அதை நிரப்பும் அளவுக்கு மகரந்தமே சேராது. முனை அடைத்துக்கொள்வது இன்னொரு தொல்லை: தாளின் துண்டுகள் கலந்த மகரந்தத்தை டீ வடிகட்டியில் சலிக்காமல் போட்டால் இரண்டாவது அமுக்கிலேயே நின்றுவிடும். பத்து மரத்துக்கு மேல் இருந்தால் வாங்கலாம். இல்லையென்றால் வேண்டாம்.

டிராகன் பழத்துக்குப் பிரஷ் இன்னும் எளிது, நேரம்தான் சோதனை. பூ மாலையில் விரியத் தொடங்கி, இரவு ஒன்பது பத்து மணிக்கு முழுதாக மலர்ந்து, காலை வெயில் ஏறும்போது வாடிவிடும். அதன் தாயகமான அமெரிக்கக் கண்டத்தில் வௌவாலும் அந்துப்பூச்சியும் செய்யும் வேலை இங்கே நம்முடையது. விடியற்காலையில் தேனீ வந்தாலும் மகரந்தத்தைத் திரட்டிக்கொண்டு போகுமே தவிர, தாள்களுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சூலகமுடியைத் தொட வேண்டிய அவசியம் அதற்கில்லை. வெள்ளைச் சதை ரகங்களில் பல தன் மகரந்தத்திலேயே காய்க்கும். சிவப்புச் சதை ரகங்களில் பலவற்றுக்கு வேறு ரகத்தின் மகரந்தம் வேண்டும். ஒரே செடியிலிருந்து வெட்டி நட்ட பத்துக் குச்சிகள் பத்துச் செடிகளாகத் தெரிந்தாலும் சேர்க்கைக்கு அவை ஒரே செடிதான். பூத்துப் பூத்து உதிர்கிறது என்று சொல்பவர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது இதை.

இரவு எட்டு முதல் பத்துக்குள், ஒரு பூவுக்குக் கீழே காகிதக் கூம்பையோ கிண்ணத்தையோ பிடித்து பிரஷ்ஷால் தாள்களைத் தட்டினால் மஞ்சள் தூள் கொட்டும். அதை அடுத்த ரகப் பூவின் சூலகமுடியில், விரல்போல் விரிந்திருக்கும் எல்லா மடல்களிலும் படுமாறு தாராளமாகப் பூசுங்கள். இங்கே கஞ்சத்தனம் கூடாது. உள்ளே எத்தனை விதை உண்டாகிறதோ அதற்கேற்பத்தான் பழம் பெருக்கும். மழை வரும் போலிருந்தால் பூசியபின் பூவின் வாயில் பிளாஸ்டிக் கப் ஒன்றைக் கவிழ்த்துவிடலாம். நான்கைந்து நாளில் விடை தெரியும்: இதழ்கள் வாடினாலும் அடிப்பகுதி பச்சையாக இருந்தால் பிடித்துவிட்டது, அடியும் மஞ்சளானால் விழப் போகிறது. இரண்டு ரகங்களும் ஒரே இரவில் பூக்காது என்பது பழைய புகார். அதற்கு வழி இருக்கிறது. மகரந்தத்தை நிழலில் சில மணி நேரம் காகிதத்தில் உலர்த்தி, மருந்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு இறுக மூடும் குப்பியில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் சில மாதம் தாங்கும். எடுக்கும்போது குப்பியைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். குளிர்ந்த குப்பியை உடனே திறந்தால் ஈரம் படிந்து மகரந்தம் கட்டியாகிவிடும்.

பேஷன் ஃப்ரூட்டில் பிரஷ் தோற்கும். அந்த மகரந்தம் கனமானது, ஒட்டும் தன்மை உள்ளது, மயிரில் சிக்கிக்கொண்டு விடாது. விரல் நுனிதான் அங்கே கருவி. மஞ்சள் ரகம் நண்பகலுக்கு மேல் மலரும், தன் மகரந்தத்தை ஏற்காது, ஆகையால் வேறொரு கொடி வேண்டும். ஊதா ரகம் விடியலில் மலர்ந்து நண்பகலில் மூடும், தனியாகவே காய்க்கும். பூ மலர்ந்தவுடன் மூன்று சூலகமுடிகளும் மேல்நோக்கி நிற்கும். அவை வளைந்து தாள்களின் மட்டத்துக்கு இறங்கிய பிறகு ஒரு கொடியின் மகரந்தப் பையை விரலில் தேய்த்து, அடுத்த கொடியின் மூன்று முடிகளிலும் தடவ வேண்டும். இறங்காமல் கடைசிவரை நிமிர்ந்தே நிற்கும் பூக்களை விட்டுவிடுங்கள், அவை காய்க்காது. பிற்பகலில் மழை வந்தால் அன்றைய வேலை வீண். தண்ணீர் பட்ட மகரந்தம் வெடித்துவிடும். இந்தப் பூவுக்குச் சரியான ஆள் மரத்தைத் துளைக்கும் பெரிய கருவண்டு, அதாவது தச்சன் தேனீ. சிறிய தேனீ பூவின் அடியில் புகுந்து தேனைக் குடித்துவிட்டுத் தலைக்கு மேலே இருக்கும் முடியைத் தொடாமலே போய்விடும், கருவண்டின் முதுகுதான் அந்த உயரத்துக்கு எட்டும். பந்தலுக்கு அருகே காய்ந்த மூங்கில் கழிகளை, ஒரு முனை கணுவால் அடைபட்டிருக்கும்படி வெட்டி, மழை படாமல் கிடையாகக் கட்டி வைத்தால் குடிவரும். காசு செலவில்லை. வீட்டு மரச்சட்டங்களையும் அது துளைக்கும் என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது பேட்டரி அதிர்வுக் கருவி. மின்சாரப் பல் துலக்கியின் உறவுக்காரன்: ஒரு கைப்பிடி, முனையில் மெல்லிய கம்பியோ சிறு கரண்டியோ, பொத்தானை அழுத்தினால் அதிரும். தக்காளிக்கும் கத்தரிக்கும் இது அருமையான பொருள். அந்தக் குடும்பத்துப் பூக்களில் மகரந்தப் பை குழல்போல் மூடியிருக்கும், தூள் உள்ளிருந்து கொட்ட வேண்டும், அதற்கு அதிர்வு வேண்டும். பழ மரங்களில் அப்படி அமைந்த பூ நம் தோட்டங்களில் இல்லை. சீத்தாவை அதிர வைத்தால் மகரந்தம் தரையில்தான் விழும். எலுமிச்சையிலும் மாதுளையிலும் அதிர்வால் கூடுதலாக நடப்பது எதுவும் இல்லை. படத்தில் மாதுளைப் பூவின் மேல் வைத்துக் காட்டுகிறார்கள் என்பதற்காக வாங்காதீர்கள். தக்காளிக்கென்றாலும் பழைய மின்சாரப் பல் துலக்கி போதும்.

மாதுளையைப் பற்றி ஒரு சொல். பூக்களில் பெரும்பகுதி உதிர்வது அந்த மரத்தின் இயல்பு. அடிப்பகுதி குறுகி மணிபோல் இருப்பவை ஆண் பூக்கள், அவை உதிரத்தான் செய்யும். அடி பருத்துக் குடம்போல் இருப்பவைதான் காயாகும். பிரஷ்ஷை மணிப் பூவில் சுழற்றிவிட்டுக் குடப் பூவில் சுழற்றினால் போதும். பப்பாளியில் பிரஷ்ஷை எடுக்கும் முன் மரம் எது என்று பாருங்கள். கோ 2, கோ 8 ரகங்களில் ஆண், பெண் தனித்தனி மரம்; பெண் மரம் ஒன்று மட்டும் தனியாக நின்றால் பிஞ்சு மஞ்சளாகி உதிரும். வீட்டில் ஒரு மரத்துக்கு மட்டும்தான் இடம் என்றால் கோ 7, ரெட் லேடி போன்ற இருபால் பூக்கும் ரகம் வைப்பது புத்திசாலித்தனம். விதைக் கன்றாக வாங்கும்போது இரண்டு மூன்று நட்டு, பூத்த பிறகு இருபால் மரத்தை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடலாம்.

சிலர் கோழி இறகை மூங்கில் குச்சியில் கட்டி விற்கிறார்கள். சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் ஹான்யுவான் பகுதிப் பேரித் தோட்டங்களில் மரம் மரமாக ஏறிக் கைச்சேர்க்கை செய்பவர்கள் பயன்படுத்துவது இதைத்தான், அதனால் பெயர் பெற்றது. எட்டாத கிளைக்கு உதவும். ஆனால் இலேசான, தூளான மகரந்தத்துக்குத்தான் இறகு சரி. நம் தோட்டத்தில் இதற்கு வேலை குறைவு, நீண்ட குச்சியில் பிரஷ்ஷைக் கட்டினால் அதுவே போதும்.

கொசுத்தேனீப் பெட்டிக்கு வருவோம். பட்டியலில் விலை கூடியது இதுதான்; சில நூறுகளில் முடியாது, ஆயிரங்களில் போகும். கொட்டாது, குழந்தைகள் இருக்கும் வீட்டிலும் வைக்கலாம், பராமரிப்பு குறைவு, வருடத்துக்கு அரைக்கிலோ அளவுக்குள் மருந்துக்கான தேன். இவ்வளவும் உண்மை. விற்பவர்கள் சொல்லாமல் விடுவது, இது எந்த மரத்துக்கு உதவும் என்பது. கொய்யா, எலுமிச்சை, ஜம்பு, முருங்கை, மாதுளை ஆகியவற்றில் நன்றாக வேலை செய்யும். இவற்றில் கொய்யாவும் எலுமிச்சையும் தேனீ இல்லாமலே ஓரளவு காய்ப்பவை. சீத்தாவுக்குள் நுழையாது, இரவில் பறக்காததால் டிராகனுக்கு உதவாது, பேஷன் ஃப்ரூட்டின் முடிக்கு எட்டாது. அதாவது, உதவி அவசரமாகத் தேவைப்படும் மூன்று மரங்களுக்கும் இது கைகொடுக்காது. இந்த மூன்றுக்காகப் பெட்டி வாங்க நினைப்பவர்கள் பணத்தைச் சேமித்துக்கொள்ளலாம்.

கொய்யாவும் காய்கறியும் கலந்த தோட்டம் என்றால் பெட்டி நல்ல முதலீடு. ஆனால் வாங்கும்போது கவனிக்க நிறைய இருக்கிறது. முதலில் வாசல்: பெட்டியின் துளையிலிருந்து கறுத்த பிசினால் ஆன சிறு குழாய் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், அதன் விளிம்பில் காவல் தேனீக்களின் தலைகள் வரிசையாகத் தெரிய வேண்டும். சற்று நேரம் நின்று பாருங்கள். வரும் தேனீக்களில் சிலவற்றின் பின்னங்கால்களில் மகரந்த உருண்டை இருந்தால் உள்ளே குஞ்சு வளர்கிறது, ராணி முட்டையிடுகிறது என்று நம்பலாம். பிறகு மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கறும்பழுப்பு நிறப் புது அறைகளும், வெளிறிய மஞ்சள் நிற முதிர்ந்த அறைகளும் கொத்தாகச் சேர்ந்தே இருக்க வேண்டும். தேன் குடங்கள் மட்டும் நிறைய இருந்து குஞ்சு அறைகள் இல்லையென்றால் ராணி இல்லை. அந்தப் பெட்டி எறும்புக்குத்தான் போகும். போன வாரம்தான் கூட்டத்தை இரண்டாகப் பிரித்தோம் என்று சொன்னால் இரண்டு மாதம் கழித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

பெட்டியின் உள்ளளவு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் இருந்தால் போதும். பெரிய பெட்டி நல்லது என்ற எண்ணம் தவறு. வெற்றிடத்தைக் காக்க முடியாமல் கூட்டம் திணறும். பலகை கனம் குறைந்தது ஓர் அங்குலம் இருக்க வேண்டும். அழகுக்காக மெல்லிய பிளைவுட்டில் செய்த பெட்டிகள் சந்தையில் அதிகம். சென்னை வெயிலில், மொட்டை மாடியில், அவை அடுப்பாகிவிடும்: மெழுகு இளகித் தேன் குடங்கள் சரியும், பிறகு கூட்டமே இல்லை. பெட்டியை மாடித் தரையில் வைக்காமல், கிழக்கு அல்லது வடக்குப் பார்த்த சுவரில், சன்ஷேடுக்குக் கீழே, மேற்கு வெயிலும் மழைச் சாரலும் படாத இடத்தில் தொங்கவிடுங்கள். தொங்கும் கம்பியில் கிரீஸ் தடவினால் எறும்பு இறங்காது. கிரீஸ் வெயிலில் காய்ந்துவிடும், மாதம் ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வாசல் எதிரே சிலந்தி வலை கட்டினால் அன்றன்று எடுங்கள். ஆர்வத்தில் மூடியை அடிக்கடி திறப்பதுதான் பெரும்பாலான பெட்டிகளின் சாவுக்குக் காரணம். உடைந்த தேன் குடத்தின் வாடைக்குச் சின்ன ஈக்கள் வந்து முட்டையிட்டால், புழுக்கள் உள்ளேயிருந்து கூட்டை அரித்துவிடும். திறந்தால் மூடியின் இடுக்கை அன்றே டேப் ஒட்டி அடைத்துவிட வேண்டும்.

கொண்டுவருவதிலும் நுணுக்கம் உண்டு. இருட்டிய பிறகு, எல்லாத் தேனீக்களும் திரும்பியதும், வாசலைக் கொசுவலைத் துணியால் அடைத்து எடுங்கள். பெட்டியைச் சாய்க்கவோ குலுக்கவோ கூடாது. ஒவ்வொரு குஞ்சு அறையிலும் கூழ்போன்ற உணவின் மேல் முட்டை மிதந்துகொண்டிருக்கிறது. கவிழ்ந்தால் முட்டை அதற்குள் மூழ்கி அழிந்துவிடும். பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு வருவதைவிட மடியில் வைத்து ஆட்டோவில் வருவது மேல். அடுத்த தெருவில் வாங்கினால் தேனீக்கள் பழைய இடத்தையே தேடிப் போகும், ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வாங்குவது பாதுகாப்பு. வந்தபின் தோட்டத்தில் துளசி, டேபிள் ரோஸ், கொடி ரோஸ் இருந்தால் பழ மரம் பூக்காத மாதங்களிலும் அவற்றுக்குத் தீனி கிடைக்கும். பக்கத்து வீட்டில் புதிதாகப் பெயின்ட் அடித்தால் அதைச் சுரண்டிக்கொண்டு வரும் பழக்கமும் இவற்றுக்கு உண்டு, பிசின் என்று நினைத்து. பெட்டியின் வாசல் நீலமாகவோ பச்சையாகவோ மாறினால் திகைக்க வேண்டாம்.

அடுக்கடுக்காக அடை கட்டும் நாட்டுத் தேனீயான அடுக்குத் தேனீயின் பெட்டி மகரந்தச் சேர்க்கைக்கு இதைவிட வலுவானது, ஆனால் நகர வீட்டுக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது. கொட்டும், தீனி குறைந்தால் பெட்டியை விட்டு ஓடும், வாரம் ஒருமுறை பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் வைரஸ் நோய் தென்னிந்தியாவில் இந்த இனத்தின் பெட்டிகளைக் கூட்டம் கூட்டமாகக் காலி செய்தது. அந்த நோய் இன்றும் போய்விடவில்லை. கொல்லையும் தென்னையும் உள்ள இடமாக இருந்து, விருப்பமும் இருந்தால் கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலோ மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திலோ பயிற்சி எடுத்துவிட்டு வாங்குங்கள். பயிற்சி இல்லாமல் மார்த்தாண்டத்திலிருந்து பார்சலில் வரவழைப்பது காசைக் கரியாக்குவது. எந்தப் பெட்டி வைத்தாலும் பூக்கும் காலத்தில் இமிடாகுளோபிரிட் போன்ற பூச்சிக்கொல்லி மருந்தைத் தொடாதீர்கள். வேப்பெண்ணெய் தெளிப்பதாக இருந்தாலும் தேனீக்கள் கூட்டுக்குத் திரும்பிய பிறகு, இருட்டில்.

மா மரத்தில் மகரந்தச் சேர்க்கைக்கு இதுவரை சொன்ன கருவி, பெட்டி எதுவுமே வேண்டாம். கொத்துக்கு ஆயிரக்கணக்கில் வரும் பூவுக்கு யார் பிரஷ் பிடிப்பது? மாம்பூவின் முக்கியமான கூலியாள் ஈ. தைவானில் மாந்தோப்புகளில் மீன் வைத்து ஈக்களை வரவழைப்பதுண்டு. தனி வீடு, கொல்லையில் மரம் என்றால் தை, மாசியில் பூ விரியும் இரண்டு வாரத்துக்குக் கருவாட்டுத் துண்டுகளை வலைப்பையில் கட்டி, பூனைக்கு எட்டாத கிளையில் தொங்கவிடலாம். அடுக்குமாடிக் குடியிருப்பில் இதைச் செய்தால் மாங்காய்க்கு முன் சங்கக் கூட்டம் கூடும்.

இரண்டு மரங்களுக்குக் கருவி அல்ல, துணை மரம்தான் வேண்டும். நட்சத்திரப்பழத்தில் சில மரங்களின் பூவில் சூலகமுடியைத் தாங்கும் சூல்தண்டு நீண்டிருக்கும், சிலவற்றில் குட்டையாக இருக்கும். இரண்டும் அருகருகே இருந்தால்தான் பல ரகங்கள் நன்றாகக் காய்க்கும். கொசுத்தேனீ அந்த வேலையைச் செய்துவிடும். ஒட்டு நெல்லி ஒற்றையாக நின்று பூவை மட்டும் கொட்டுகிறது என்றால் வேறு ரகம் ஒன்று பக்கத்தில் வேண்டும். என்.ஏ. 7 வைத்திருப்பவர் பி.எஸ்.ஆர். 1 அல்லது காஞ்சன் கன்று ஒன்றை அருகே நடலாம். இடமில்லாதவர்கள் இருக்கும் மரத்திலேயே ஒரு கிளையில் இன்னொரு ரகத்தை மொட்டுக் கட்டச் சொல்லலாம். நர்சரியில் ஒட்டுக் கட்டத் தெரிந்தவர் வீட்டுக்கு வந்து செய்து தருவார். கட்டும் முன் இரண்டு ரகமும் ஒரே சமயத்தில் பூக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், கட்டிய கிளையைக் கவாத்தில் தவறி வெட்டிவிடாமல் இருக்கப் பெயிண்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள்.